பூச்சி தின்னாத பூ

1

போன செவ்வாய்க்கிழமை பின்னேரம் வேலையால் வந்து சப்பாத்தைக்கூடக் கழற்றவில்லை, கதவில் தட்டுகிற சத்தம். திறந்தால் ஏழாம் மாடி பீபிகுல். கையில் அலுமினியத் தாளால் மூடிய தட்டு. "ஜெமிலாவின் நாள், சிஸ்ரர்," என்றாள். தட்டு சூடாக இருந்தது. வாங்கிக்கொண்டு நன்றி சொன்னேன். உள்ளே வரச் சொன்னேன். இன்னும் நாலு வீடு இருக்கிறது என்று போய்விட்டாள்.

ஜெமிலா அவளுடைய மகள். ஆப்கானிஸ்தானை விட்டு ஓடி வந்து பெஷாவரில் இருந்த காலத்தில், ஒன்பது வயதில், காய்ச்சலில் இறந்துபோன பிள்ளை. வருடத்துக்கு ஒருமுறை அந்த நாளில் பீபி கோதுமை மாவில் அல்வா கிண்டி அயலுக்குக் கொடுப்பாள். நாங்கள் ஆண்டுப் பூசை கொடுத்துவிட்டு நாலு பேருக்குச் சாப்பாடு போடுவதில்லையா, அது மாதிரித்தான். வாங்குகிறவர்கள் பிள்ளைக்காக ஒரு வார்த்தை செபம் சொல்லிவிட்டுச் சாப்பிட வேண்டும்.

என் வீட்டுக்காரர் குசினியில் நின்றபடியே இரண்டு துண்டு சாப்பிட்டார். ஏலக்காய் கூடிப்போச்சு என்று குறையும் சொன்னார். என்னால் ஒரு வாய் வைக்க முடியவில்லை. போன வருடமும் முடியவில்லை. காரணம், ஜெமிலா இந்த உலகத்தில் விட்டுப்போன ஒரேயொரு பொருளை அழித்தவள் நான். அழித்துவிட்டு, அந்துப்பூச்சி தின்றுவிட்டது என்று அந்தத் தாயிடம் பொய் சொன்னவளும் நான்தான்.

ஊரில் இருக்கும் என் தங்கச்சி போன் எடுத்தால், "உங்களுக்கென்னக்கா, குறையில்லாத சீவியம்," என்பாள். நானும் பனியைப் பற்றியும் பஸ்ஸைப் பற்றியும் சொல்லிச் சிரிப்பேன். இதைச் சொன்னதில்லை. வெட்கமாக இருந்தது. இப்போதும் வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனாலும் எழுதுகிறேன், வாய் வராத விசயத்துக்குக் கையாவது வருகிறதா என்று பார்ப்போம்.

2

என்னைத் தெரியாதவர்களுக்கு: நான் கடற்கரை ஊரான குருநகர்ப் பிள்ளை, கத்தோலிக்கக் குடும்பம். ஐயா கடலுக்குப் போனவர். பள்ளிக்கூடம் விட்டு வந்தால் நானும் தங்கச்சியும் வலை பொத்த வேண்டும். வலை பொத்துவதில் ஒரே சட்டம்தான். ஓட்டை இருந்த இடம் தெரியக்கூடாது. கண் பெரிதானால் மீன் போய்விடும், கண் சிறிதானால் குப்பை மாட்டும். ஒரு கண் மற்றக் கண் மாதிரி இருக்க வேண்டும். பிழையாகப் போட்டால் ஐயா ஒன்றும் பேசமாட்டார், கத்தியால் அறுத்துவிட்டு வலையைத் திரும்ப என் மடியில் போடுவார். அப்படித்தான் என் கண் பழகியது. வரிசையில் ஒன்று பிசகினால் எனக்குக் கை ஊறும்.

ரொறன்ரோவுக்கு வந்த புதிதில் சென் ஜேம்ஸ் ரவுணில் பதினாறாம் மாடியில், ஒரு அப்பாட்மென்ரில் ஒன்பது பேர் இருந்தோம். லிப்ற்றில் நாங்கள் ஏறினால் வெள்ளைக்கார மனுசி ஒருத்தி மூக்கைப் பொத்திக்கொள்வாள். மீன் குழம்பு மணக்கிறதாம். அந்த மூக்கை நான் மறக்கமாட்டேன் என்று அப்போது சத்தியம் பண்ணினேன். எப்படி மறந்தேன் என்பதைப் பிறகு சொல்கிறேன்.

பிள்ளை பிறந்து, ஸ்காபரோவுக்கு மாறி, அங்கே இங்கே என்று ஓடி, கடைசியில் ஒரு கம்பளம் கழுவித் திருத்துகிற இடத்தில் வேலை கிடைத்தது. முதலாளி ஹமீத், ஈரான்காரர், கோபக்காரர், நல்ல மனிதர். என் ஆங்கிலம் அப்போது படு மோசம். வாடிக்கையாளர் ஒருவர் போன் எடுத்துக் கம்பளம் எப்போது கிடைக்கும் என்று கேட்க, "பிளீஸ் கம் யெஸ்ரடே," என்று பணிவாகச் சொன்னவள் நான். ஹமீத் போனைப் பறித்து வைத்துவிட்டு, உனக்கு முடிச்சுப் போடத் தெரியுமா என்று கேட்டார். வலை முடிச்சைப் போட்டுக் காட்டினேன். அன்று தொடக்கம் என்னை போனுக்குப் பக்கத்தில் விடவில்லை. இருபத்தொரு வருடம் ஆகிறது.

அவர்தான் எனக்குக் கம்பளம் வாசிக்கப் பழக்கியவர். நகரத்துப் பட்டறைகளில் செய்யும் கம்பளத்துக்கு வரைபடம் இருக்கும். ஒருவர் கீறிக் கொடுப்பார், மற்றவர்கள் அதைப் பார்த்து முடிச்சுப் போடுவார்கள். துருக்மென், பலூச் மாதிரியான நாடோடிக் குலங்களின் கம்பளத்துக்கு வரைபடமே கிடையாது. அது நெய்கிற பெண்ணின் தலைக்குள் இருக்கிறது. அவளுக்குத் தாயின் தலையிலிருந்து வந்தது. குலத்துக்குக் குலம் பூவின் வடிவம் வேறு. பூவைப் பார்த்தே இன்ன சனம் என்று சொல்லலாம். தறியை நிலத்தில் படுக்கையாக முளை அடித்துப் போடுவார்கள். இடம் பெயர்ந்தால் முளையைப் பிடுங்கிக்கொண்டு போய் வேறு இடத்தில் அடிப்பார்கள். அதனால் கம்பளம் ஒரு பக்கம் கோணும். சாயவேரைப் போன்ற ஒரு வேரை அவித்துச் சிவப்பு எடுப்பார்கள், அது முடிந்து அடுத்த பானை வைத்தால் சிவப்பின் நிறம் மாறும். கோணலும் நிறமாற்றமும் அந்தப் பெண் எங்கே இருந்தாள், எப்போது எழும்பிப் போனாள் என்பதைச் சொல்லும்.

"பிழை மாதிரித் தெரிந்தால் கையைப் பின்னால் கட்டு," என்பார் ஹமீத். "சொந்தக்காரரைக் கேள். கேட்காமல் தொடாதே." முதல் வருடம் நான் உண்மையாகவே கையைப் பின்னால் கட்டிக்கொண்டு நிற்பேன். மற்றவர்கள் சிரிப்பார்கள். ஆகவே எனக்குத் தெரியாமல் செய்துவிட்டேன் என்று மட்டும் யாரும் நினைக்கவேண்டாம். எனக்கு நன்றாகத் தெரியும்.

3

ஸ்காபரோவில், வோபர்ன் பக்கம் நாங்கள் இருக்கும் கட்டடத்தில் ஒரு காலத்தில் மாடிக்கு நாலு தமிழ் வீடு. பிறகு எங்கள் ஆட்கள் வீடு வாங்கிக்கொண்டு போகப் போக, ஆப்கானிஸ்தானிலிருந்து வந்த குடும்பங்கள் வரத் தொடங்கின. எங்கள் கதை தொடங்கியது. உதுகள் சப்பாத்தை வாசலில் குவிக்குதுகள், உதுகள் லோன்ட்ரி மெஷினில் காப்பெற் போடுதுகள், உதுகள் வந்து பில்டிங்கே கெட்டுப்போச்சு. எனக்கு வாய் கொஞ்சம் நீளம். மற்றவர்களைவிட இரண்டு சொல்லுக் கூடவே சொல்லியிருப்பேன். லிப்ற்றில் மூக்கைப் பொத்தவில்லை, அவ்வளவுதான்.

பீபிகுல் இரண்டு மகன்களோடு வந்தவள். கணவருக்கு விசா இழுபட்டு அவர் பெஷாவரிலேயே நின்றுவிட்டார். என்னை விட நாலைந்து வயது குறைவு, ஆனால் முகம் என்னை விட மூப்பு. நான் கம்பள வேலை செய்கிறேன் என்று யாரோ சொல்லி, ஒரு சனிக்கிழமை காலை ஒரு கம்பளத்தைத் தோளில் சுருட்டிக்கொண்டு வந்தாள். விரித்தாள். துருக்மென் சிவப்பு. அவளே நெய்தது. கட்டில் அகலம்தான் இருக்கும், ஆனால் நல்ல வேலை, முடிச்சு நெருக்கம், பின்பக்கமும் முன்பக்கம் மாதிரித் துலக்கம்.

மேல் தலைப்பில் உள்ளங்கை அளவுக்கு அந்துப்பூச்சி அரித்திருந்தது. கட்டிலுக்குக் கீழே வைத்திருந்தாளாம். அதைத் தொட்டுக் காட்டி, "இது மட்டும், சிஸ்ரர்," என்றாள். அவளுடைய உடைந்த ஆங்கிலத்தையும் என்னுடைய உடைந்த ஆங்கிலத்தையும் தமிழாக்கித்தான் எழுதுகிறேன். அந்த "மட்டும்" அவள் சொன்னதுதான், நான் கூட்டவில்லை. தன் கைவிரல்களைக் காட்டினாள். மூட்டுகள் வீங்கி மடங்காமல் இருந்தன. இல்லாவிட்டால் தானே செய்வாளாம். என்ன தரவேண்டும் என்று கேட்டாள். ஒன்றும் வேண்டாம் என்றேன். அந்தப் பெருந்தன்மை எனக்கே பிடித்திருந்தது.

4

பூச்சி அரித்த இடத்தை இரண்டு சனிக்கிழமைகளில் முடித்தேன். ஹமீத்திடம் மிச்சக் கம்பளி நூல் கேட்டு வாங்கி, மூன்று சிவப்பைக் கலந்து, அவளுடைய முடிச்சையே போட்டேன். ஓட்டை இருந்த இடத்தை நானே தேட வேண்டியிருந்தது. அதோடு சுருட்டிக் கொடுத்திருந்தால் இன்றைக்கு இந்தக் கதை இல்லை.

கீழ் மூலையில் ஒரு பூ பிழையாக இருந்தது. கரை முழுவதும் சிறிய எட்டுமூலைப் பூக்கள், எல்லாம் ஒரே அளவு, வெள்ளையும் கருஞ்சிவப்பும். இது மட்டும் ஒரு பக்கம் சரிந்து, நீலமும் பச்சையும் கலந்து, முடிச்சுகள் தொளதொளவென்று, கம்பளி மயிர் ஒன்று நீளம் ஒன்று கட்டை. முதல் நாளே என் கண் அதில்தான் போய் நின்றது. திருத்தி முடித்த பிறகும் அதுதான் கண்ணில் குத்தியது.

நான் என்ன நினைத்தேன் என்பதை உள்ளபடி எழுதுகிறேன். பாவம், இவளுக்கு உபகாரம் செய்வோம் என்று நினைத்தேன் என்றுதான் பல நாள் எனக்கு நானே சொல்லிக்கொண்டிருந்தேன். அது முழு உண்மை இல்லை. தறிக்குப் பக்கத்தில் பிறந்தவள் விட்ட பிழையை வலை பொத்தின நான் திருத்திக் காட்டுகிறேன் என்று நினைத்தேன். படிக்காத சனம், இவ்வளவு நல்ல கம்பளத்தை இப்படி அலங்கோலமாக்கி வைத்திருக்குதுகள் என்று நினைத்தேன். அவள் வந்து பார்த்து வாயடைத்து நிற்பதை மனதுக்குள் ஒத்திகை பார்த்தேன். கையைப் பின்னால் கட்டவில்லை.

நடு ஹோலில் கம்பளத்தைத் திருப்பிப் போட்டு, ஊசியால் ஒவ்வொரு முடிச்சாக நெம்பி எடுத்துக்கொண்டிருந்தபோது என் மகள் ஷரோன் அறையிலிருந்து வந்தாள். அப்போது எங்களோடுதான் இருந்தாள், வேலைக்குப் போகத் தொடங்கியிருந்த காலம்.

"அம்மா, வெயிற். உது நல்லாத்தானே இருக்கு? ஏன் பிரிக்கிறீங்கள்?"

"எங்க நல்லா இருக்கு? கோணலாக் கிடக்கு, பார்."

"அவ உதைச் செய்யச் சொன்னவவா?"

"உனக்கு உது விளங்காது. போய்த் தேத்தண்ணி போடு."

"ஐ திங்க் யூ ஷுட் ஆஸ்க் ஹேர்."

"பதினெட்டு வருசம் வேலை செய்யிறவள் நானா, நீயா?"

தோளைக் குலுக்கிவிட்டுப் போனாள். பிடுங்கின நூல் துண்டுகள் ஒரு கைப்பிடி வந்தன. நீலம், பச்சை, எங்கோ ஒரு மஞ்சளும் இருந்தது. பழைய விளம்பரத் தாளில் கொட்டிச் சுருட்டி, மீன் கழிவோடு சேர்த்துக் கட்டி, கோறிடோர் முடிவில் இருக்கும் குப்பைக் குழாயில் போட்டேன். பதினொரு மாடி கீழே விழுகிற சத்தம் கேட்டது. பிறகு வந்து உட்கார்ந்து என் பூவைப் போட்டேன். மிக அழகான பூ. மற்றப் பூக்களோடு பூவாக நின்றது.

5

பீபி கம்பளம் எடுக்க வந்த அன்று ஷரோனும் வீட்டில் நின்றாள். மேல் தலைப்பைப் பார்த்துப் பீபி தலையை ஆட்டினாள், திருப்திதான். பிறகு கீழ் மூலைக்குப் போய்க் குந்தினாள். உள்ளங்கையை அந்த இடத்தில் வைத்தாள். கையை எடுத்துப் பார்த்தாள். எழும்பி மற்ற மூலைக்குப் போய்ப் பார்த்துவிட்டு, தான்தான் இடம் மாறிவிட்டேனோ என்கிற மாதிரித் திரும்ப வந்தாள். நாலு மூலையும் பார்த்தாள்.

"இங்கே ஒரு பூ இருந்தது," என்றாள். "நீலப் பூ."

அவள் முகத்தைப் பார்த்ததும் எனக்கு விளங்கிவிட்டது. என்ன என்று விளங்கவில்லை, ஆனால் பெரிய பிழை ஒன்று செய்துவிட்டேன் என்பது விளங்கியது. அந்த நிமிடத்தில் சொல்லியிருக்கலாம். சிஸ்ரர், நான் கேட்காமல் பிரித்துவிட்டேன், மன்னித்துக்கொள் என்று நாலு சொல். அத்தனை வருடத்தில் அந்த அளவுக்கு ஆங்கிலம் படித்துவிட்டிருந்தேன். ஆனால் ஒத்திகை பார்த்து வைத்திருந்த பெருமையிலிருந்து அப்படியே இறங்க எனக்கு மனம் வரவில்லை. பொய் சொல்ல எனக்கு ஆங்கிலம் போதாமல் போனது. ஷரோனைப் பார்த்தேன்.

"அதிலயும் பூச்சி அரிச்சுப்போட்டுது எண்டு சொல்லு பிள்ளை. வேற வழியில்லாமல் புதுசாப் போட்டனான் எண்டு சொல்லு."

ஷரோன் என்னைப் பார்த்தாள். சின்ன வயதிலிருந்தே எனக்காக மொழிபெயர்த்த பிள்ளை அவள். டொக்ரரிடம், பள்ளிக்கூடத்தில், அப்பாட்மென்ற் ஒபிசில், எட்டு வயதில் வரிப் படிவத்தில்கூட. நான் சொன்னதை ஒருநாளும் மாற்றிச் சொன்னதில்லை. அன்றைக்கும் மாற்றவில்லை. திரும்பி, தெளிவான ஆங்கிலத்தில், தாழ்ந்த குரலில், அங்கேயும் பூச்சி அரித்திருந்தது, அம்மாவுக்கு வேறு வழி இருக்கவில்லை என்று சொன்னாள்.

பீபி குந்தியபடியே தலையை நிமிர்த்தினாள். ஷரோனை ஒரு தரம் பார்த்தாள், என்னை ஒரு தரம் பார்த்தாள். பிறகு எழும்பி என் இரண்டு கையையும் பிடித்து, "நன்றி, சிஸ்ரர். நீ கஷ்டப்பட்டாய்," என்றாள். கம்பளத்தைத் தோளில் போட்டுக்கொண்டு போனாள். மகள் தேத்தண்ணி குடிக்காமல் வெளியே போய்விட்டாள்.

6

அந்தப் பூ என்ன என்பது ஆறேழு மாதம் கழித்துத்தான் தெரிந்தது. பீபி தன் கணவரை இங்கே கூப்பிடப் படிவம் நிரப்ப வேண்டும் என்று வந்தாள். மூத்த மகன் பகலும் இரவும் வேலை, இளையவனுக்குப் பத்து நிமிடத்துக்கு மேல் பொறுமை இல்லை. ஷரோன் அதற்குள் டவுன்ரவுணில் ஒரு சிறிய கொண்டோ எடுத்துக்கொண்டு போய்விட்டிருந்தாள், ஞாயிறுகளில் வருவாள். எங்கள் சாப்பாட்டு மேசையில் வைத்து நிரப்பினார்கள். நான் மரக்கறி வெட்டிக்கொண்டு இருந்தேன்.

அந்தப் படிவங்களைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கணவன் பெயர், முந்திய பெயர், இருந்த விலாசம் எல்லாம் மாதக் கணக்கு விடாமல். கூடாரத்துக்கு ஏது விலாசம்? ஷரோன் பொறுமையாகக் கேட்டுக் கேட்டு எழுதினாள். பிள்ளைகள் பகுதி வந்தது. உயிரோடு இருப்பவர்கள், இறந்தவர்கள் எல்லாரையும் எழுத வேண்டும் என்று போட்டிருந்தது.

"ஹவ் மெனி சில்ட்ரன், அன்ரி?"

பீபி மூன்று விரல் காட்டினாள். பீபி இங்கே வந்தபோது கொடுத்த பழைய படிவத்தை ஷரோன் புரட்டிப் பார்த்தாள். அதில் இரண்டு என்றிருந்தது. அன்றைக்கு யாரோ உயிரோடு இருக்கிறவர்களை மட்டும் எழுதிவிட்டார்கள். இப்போது மூன்று என்றால் ஏன் என்று கேட்பார்கள், விளக்கக் கடிதம் வைக்க வேண்டும், ஆதாரமும் கேட்கலாம் என்று ஷரோன் சொன்னாள். பிறப்புப் பதிவு இருக்கிறதா? இல்லை. இறப்புப் பதிவு? இல்லை. ஒரு படம்? இல்லை. உடுப்பு, எழுதின கொப்பி, அவளுடையது என்று சொல்ல ஏதாவது?

பீபி மெதுவாகச் சொன்னாள். பெஷாவரில் வீட்டுக்குள்ளேயே தறி போட்டு வியாபாரிக்கு நெய்து கொடுப்பார்களாம். ஜெமிலாவுக்கு ஆறு வயது. பக்கத்தில் வந்து இருந்து, தானும் செய்யவேண்டும் என்று அழுதாளாம். மூலையில் ஒரு பூவை அவளுக்கு விட்டுக் கொடுத்து, மிச்சம் கிடந்த நூலையும் கொடுத்தாளாம். ஒரு கிழமை எடுத்து அந்தப் பூவை முடிந்தாளாம். வியாபாரி வந்து பார்த்துவிட்டு, அந்த மூலையைக் காட்டி, எனக்கு வேண்டாம் என்று கம்பளத்தைத் திருப்பி எறிந்துவிட்டுப் போனானாம். கணவர் ஏசினாராம். அந்தப் பூவால்தான் அந்த ஒரு கம்பளம் விலைப்படாமல் வீட்டில் நின்றது. மூன்று வருடத்துக்குப் பிறகு பிள்ளை போய்விட்டாள். கம்பளம் இருந்தது.

"ஒரு பூ செய்தாள்," என்றாள் பீபி. "பூச்சி தின்றுவிட்டது." என் பக்கம் பார்க்கவில்லை. "பரவாயில்லை மகள். இரண்டு என்றே எழுது."

என் கையில் கத்தரிக்காய் பாதியில் நின்றது. ஷரோன் என்னைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள். நிமிர்ந்து அவளுடைய கண்ணைப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. பிறகு ஷரோன் மூன்று என்று எழுதினாள். பெயர், ஜெமிலா. விளக்கக் கடிதத்தையும் தானே எழுதினாள். பீபிக்கு வாசித்துக் காட்டி, கையெழுத்து வாங்கி, உறையில் போட்டு ஒட்டினாள்.

பஸ் தரிப்பு வரைக்கும் ஷரோனோடு நடந்து போனேன். "அம்மா, நீங்கள் அவவுக்குச் சொல்லவேணும்," என்றாள். "நான் சொல்லமாட்டன். இட்ஸ் நொட் மைன் ரு ரெல்."

"சொல்லுறன் பிள்ளை."

"எப்ப?"

"சொல்லுறன் எண்டெல்லே சொல்லுறன்."

"சரி. பட், இனி என்னை உங்களுக்காக ட்ரான்ஸ்லேற் பண்ணக் கூப்பிடாதேங்கோ."

பஸ் வந்தது, ஏறிவிட்டாள். மற்றத் தாய்மார் பிள்ளைகள் தமிழை மறந்துவிட்டார்கள், தள்ளிப் போய்விட்டார்கள் என்று அழும்போது நானும் சேர்ந்து தலையாட்டுவேன். என் பிள்ளைக்குத் தமிழ் நன்றாகத் தெரியும். நான் அன்று தமிழில் சொன்ன ஒவ்வொரு சொல்லும் அவளுக்கு விளங்கியதுதான் அவள் தள்ளிப்போகக் காரணம். இதை நான் அந்தத் தாய்மாருக்குச் சொல்வதில்லை.

அந்தப் பூ எந்த ஒபிசரிடமும் ஆதாரமாகச் செல்லாது என்று எனக்கு நானே ஆறுதல் சொல்லிப் பார்த்தேன். உண்மைதான், செல்லாது. ஆனால் அந்தக் கம்பளம் வீட்டில் அப்படியே கிடந்திருந்தால் அவள் ஒருநாளும் "இரண்டு என்றே எழுது" என்று சொல்லியிருக்கமாட்டாள். பிறகும் நான் சொல்லவில்லை. எங்கள் நத்தார்ப் பண்டிகைக்கு முதல், பண்டிகைக்குப் பிறகு, அவளுடைய நோன்புப் பெருநாள் முடியட்டும், கணவர் வரட்டும் என்று தள்ளிப்போட்டேன். கணவர் வந்து ஐந்து மாதமாகிறது. கோயிலில் பாவசங்கீர்த்தனத்தில் பங்குச் சுவாமியாரிடம் சொன்னேன். போய் அவளிடம் சொல் என்றார். அதற்காக அடுத்த முறை வேறு கோயிலுக்குப் போனேன்.

7

இந்த முறை அல்வாத் தட்டைக் கழுவி வைத்தபோதுதான் போவதென்று முடிவெடுத்தேன். புதன்கிழமை வேலைக்கு லீவு சொன்னேன். காலை பத்து மணிக்கு ஏழாம் மாடிக்குப் போனேன். மகன்மார் இல்லை, கணவர் ஆங்கில வகுப்புக்குப் போயிருந்தார். பீபி தனியே இருந்தாள். கம்பளம் நிலத்தில் விரித்திருந்தது. சப்பாத்தைக் கழற்றிவிட்டு அதில் கால் வைக்காமல் சுற்றிப் போய் இருந்தேன்.

இந்த முறை எனக்கு மொழிபெயர்க்க யாரும் இல்லை. என்னுடைய ஆங்கிலத்திலேயே சொன்னேன். பூச்சி தின்னவில்லை, நான் பிரித்தேன். பிழை என்று நினைத்துப் பிரித்தேன். உன்னை விட எனக்குக் கூடத் தெரியும் என்று நினைத்தேன். நூலைக் குப்பையில் போட்டேன். பிறகு உனக்குப் பொய் சொன்னேன். இப்படித் துண்டு துண்டாக, கடைசியில் அழுதபடி சொல்லி முடித்தேன்.

பீபி அழவில்லை. "எனக்குத் தெரியும்," என்றாள்.

"என்ன தெரியும்?"

"அன்றைக்கே தெரியும்." எழும்பிப் போய் மூலையைத் திருப்பிப் பின்பக்கத்தைக் காட்டினாள். "பூச்சி பூவின் ஓரம் பார்த்துத் தின்னாது, சிஸ்ரர். ஒரு பூவை மட்டும் தின்றுவிட்டுப் பக்கத்துப் பூவை விடாது. நான் ஏழு வயதில் தறியில் இருந்தவள்."

நான் என்ன செய்தேன் என்று பாருங்கள். பேச்சில்லாமல் இருந்திருக்கலாம். என் பூவைப் பிரித்துத் தருகிறேன் என்றேன், இன்றைக்கே பிரிக்கிறேன் என்றேன். அவள் கையை வீசி வேண்டாம் என்றாள். "பிரித்தால் ஓட்டைதான் இருக்கும். அவள் பூ வராது."

"பிறகேன் எனக்கு நன்றி சொன்னாய்? ஏன் ஒரு வார்த்தை ஏசவில்லை?"

"கோபம் இருந்தது. நிறைய. லிப்ற்றில் நீ நின்றால் நான் படியால் போவேன். பல நாள் போனேன், நீ காணவில்லை." மூலையைத் திருப்பி விட்டு, கையால் தடவிச் சமப்படுத்தினாள். "ஆனால் அன்றைக்கு உன் மகள் பக்கத்தில் நின்றாள். நீ சொன்னதை நம்பி எனக்குச் சொன்னாள். நான் பொய் என்று சொன்னால், தாய் பொய் சொன்னாள் என்று அவளுக்குத் தெரிந்துவிடும். மகளுக்கு அது தெரியக்கூடாது. எனக்கு ஒருத்தி இருந்தாள், இப்போது இல்லை. உனக்கு இருக்கிறாள். அதனால் சொல்லவில்லை. படிவம் எழுதிய அன்றும் அதனால்தான் பூச்சி என்றேன்."

எனக்கு முகத்தை எங்கே வைப்பது என்று தெரியவில்லை. ஷரோன் அந்தப் பூவை நான் பிரிக்கும்போதே பக்கத்தில் நின்று தடுத்தவள். என் பொய்யைத் தெரிந்துகொண்டே தன் வாயால் சொன்னவள். பீபி தன் பிள்ளையின் பூவை விட்டுக்கொடுத்துக் காப்பாற்றியதாக நினைத்திருந்த அந்த ஒன்று, என் மகள் என் மேல் வைத்த நம்பிக்கை, அன்றைக்கே என்னிடம் இருக்கவில்லை.

பீபி குனிந்து என் முகத்தைப் பார்த்தாள்.

"அவளுக்கு இன்னும் தெரியாதுதானே?"

முழுவதையும் சொல்லிவிட வேண்டும் என்றுதான் நான் ஏழாம் மாடிக்குப் போனேன்.

"இல்லை," என்றேன். "அவளுக்குத் தெரியாது."